பள்ளியில் பலருக்கும் பிடித்தவராக இருந்தால் பிற்காலத்தில் சம்பளம் கூடுமா?

கேள்வி: நிலாமுற்றம்

உயர்நிலைப் பள்ளியில் நண்பர் வட்டம் பெரிதாக இருந்தவர்கள் பிற்காலத்தில் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள், வித்தியாசம் 10 சதவீதம் என்று ஒரு தகவல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எந்த ஆய்வு, யாரை அளந்தார்கள், எப்படி அளந்தார்கள் என்று பகிர்பவர்கள் யாரும் சொல்வதில்லை.

பிரபலம் என்பதை எப்படி எண்ணாக மாற்றினார்கள்? நட்புதான் சம்பளத்தைக் கூட்டுகிறதா, அல்லது நல்ல குடும்பமும் குணமும் இரண்டையுமே தருகின்றனவா? முதுகலை ஆய்வேட்டுக்கு இதே கேள்வியை வேறொரு டேட்டாவில் சோதிப்பதாக இருந்தால் எங்கெல்லாம் சறுக்கும்? நான் பயன்படுத்த நினைக்கும் டேட்டாவில் வகுப்புவாரியாக நண்பர் பெயர்கள், பெற்றோர் படிப்பு, மதிப்பெண், 28 வயதில் வாங்கிய மாதச் சம்பளம் ஆகியவை இருக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பதில்: அளவுகோல்

அந்த 10 சதவீதம் வந்த இடம் விஸ்கான்சின் ஆய்வு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1957-ல் உயர்நிலைப் பள்ளி முடித்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினரை, அதாவது 10,317 பேரை, குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அந்த டேட்டாவை வைத்து கேப்ரியெல்லா கான்டி, ஆண்ட்ரியா கலியோட்டி, கெரிட் மியுல்லர், ஸ்டீபன் பட்னி ஆகிய நால்வர் எழுதிய கட்டுரை 2013-ல் வெளியானது. பிரபல வரிசையில் 20-ஆவது சதமானத்தில் (நூறு பேரில் கீழிருந்து 20-ஆவது இடத்தில்) இருந்தவரையும் 80-ஆவது சதமானத்தில் இருந்தவரையும் ஒப்பிட்டால், ஏறக்குறைய 40 ஆண்டுகள் கழித்து இரண்டாமவரின் ஊதியம் 10 சதவீதம் கூடுதல் என்பது அவர்களின் மதிப்பீடு. எடுத்துக்கொண்டது ஆண்களை மட்டும். பெண்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று இந்தக் கட்டுரையை வைத்துச் சொல்ல முடியாது. சுற்றி வரும் தகவலில் முதலில் உதிர்ந்துபோவது இந்த விவரம்தான்.

அளந்த விதம் இது. "நீங்கள் பிரபலமாக இருந்தீர்களா?" என்று யாரையும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் தன்னம்பிக்கையைத்தான் அளப்போம். கடைசி வருட வகுப்புத் தோழர்களில் நெருங்கிய நண்பர்கள் மூன்று பேர் வரை பெயர் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். ஒருவரின் பெயரை எத்தனை பேர் சொன்னார்கள் என்பதுதான் அவருடைய பிரபல எண். அவர் எத்தனை பேரைச் சொன்னார் என்பது வேறு கணக்கு. இந்த இரண்டையும் பிரித்து வைப்பது முக்கியம். நமக்கு எத்தனை பேரைப் பிடிக்கிறது என்பதும், நம்மை எத்தனை பேருக்குப் பிடிக்கிறது என்பதும் ஒன்றல்ல.

இனி பலவீனங்கள். நண்பர் பெயர்களைக் கேட்டது 1957-ல் அல்ல, 1975-ல். பள்ளி முடித்துப் 18 வருடம் ஆகிவிட்டது. அதற்குள் நன்றாக முன்னேறிவிட்ட ஒருவரை "அவன் என் நெருங்கிய நண்பன்" என்று நினைவுகூர்வது மனித இயல்பு. அப்படி நடந்திருந்தால், வெற்றிதான் பிரபலத்தை உண்டாக்கியிருக்கிறது, நாம் அதைத் தலைகீழாகப் படிக்கிறோம்.

அடுத்தது, மூன்றில் ஒருவர்தான் ஆய்வில் இருக்கிறார் என்பது. உங்கள் பெயரைச் சொல்லக்கூடிய மூவரில் சராசரியாக ஒருவரிடம்தான் கேள்வியே கேட்கப்பட்டிருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். உண்மையில் மூன்று ஓட்டு வாங்கியவருக்கு, அதாவது மூன்று பேர் நண்பர் என்று நினைப்பவருக்கு, அந்த மூவருமே ஆய்வுக்கு வெளியே இருக்க வாய்ப்பு மூன்றில் இரண்டின் மும்மடிப் பெருக்கம், அதாவது 27-ல் 8. ஏறக்குறைய 30 சதவீத வாய்ப்பில் அவர் நண்பனே இல்லாதவர் பட்டியலில் விழுந்துவிடுவார். ஆறு ஓட்டு வாங்கியவருக்குக்கூட 9 சதவீத வாய்ப்பு. "பூஜ்யம்" என்று காணப்படும் கூட்டத்தில் உண்மையிலேயே தனித்திருந்தவரும் நடுத்தரமானவரும் கலந்து கிடப்பார்கள்.

இதை அவர்கள் கவனிக்காமல் விடவில்லை. நட்பு வலையின் ஒரு பகுதிதான் கண்ணுக்குத் தெரிகிறது என்பதைத் தங்கள் கணித மாதிரிக்குள்ளேயே சேர்த்துத்தான் மதிப்பிட்டார்கள். அந்த வகையில் கட்டுரை கவனமானது. ஆனால் 18 வருட மறதியைச் சரிசெய்ய எந்தச் சூத்திரமும் இல்லை.

பதில்: இரண்டாம் வாசிப்பு

அளவுகோல் சார் சொன்னதோடு நின்றால் பாதிக் கதைதாங்க. நட்பா குடும்பமா என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் தேடியவர் ஜேசன் ஃப்ளெட்சர். அவர் கையாண்டது ஆட் ஹெல்த் டேட்டா. 1994-95-ல் அமெரிக்காவில் 7 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்த மாணவர்களிடம் தொடங்கிய ஆய்வு அது. நெருங்கிய ஆண் நண்பர்கள் ஐந்து பேர், பெண் நண்பர்கள் ஐந்து பேர் வரை பெயர் எழுதச் சொன்னார்கள். எல்லாம் பள்ளியில் படிக்கும்போதே எழுதியது, அதனால் விஸ்கான்சின் ஆய்வின் ஞாபகப் பிரச்சினை இதில் கிடையாது.

எல்லாரையும் சேர்த்து ஒப்பிட்டால் இங்கேயும் பிரபலமானவர்கள் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள். அதே வீட்டில் வளர்ந்த உடன்பிறப்புகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டால் அந்தத் தொடர்பு நிற்கவில்லை. அக்கா பத்துப் பேருக்குப் பிடித்தவர், தம்பி இரண்டு பேருக்குப் பிடித்தவர், இரண்டு பேர் சம்பளத்திலும் அதற்கேற்ற வித்தியாசம் தெரியவில்லை என்றால், கூடுதல் வருமானம் நட்பிலிருந்து வராமல் வீட்டுப் பின்னணியிலிருந்து வந்திருக்கலாம் என்று பொருள்.

இதை வைத்து "பிரபலத்துக்கு மதிப்பே இல்லை" என்று அடித்துச் சொல்லிவிடவும் கூடாதுங்க. உடன்பிறப்பு ஒப்பீட்டுக்கு ஒரு விலை உண்டு: அளவீட்டுப் பிழை பெருகும். நட்பு எண்ணின் நம்பகத்தன்மை (வேறுபாட்டில் பிழை போக உண்மையான பங்கு) 0.7, உடன்பிறப்புகளின் நட்பு எண்களுக்கு இடையே ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு) 0.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் ஒப்பிடும்போது நம்பகத்தன்மை 0.7-லிருந்து 0.4-ஐக் கழித்து, 1-லிருந்து 0.4-ஐக் கழித்ததால் வகுக்க வேண்டும். 0.3-ஐ 0.6-ஆல் வகுத்தால் 0.5. உண்மையான விளைவு 4 சதவீதம் என்றால் உங்கள் ரிக்ரஷனில் (நட்பு எண்ணை வைத்துச் சம்பளத்தை மதிப்பிடும் கணக்கில்) 2 சதவீதமாகத்தான் தெரியும். உடன்பிறப்பு ஜோடிகளின் எண்ணிக்கையும் குறைவு என்பதால் திட்டப் பிழை (மதிப்பீடு எவ்வளவு தடுமாறும் என்ற அளவு) வீங்கி, "விளைவு இல்லை" என்று தோன்றும். விளைவு இல்லாமல் இருப்பதும், அதைப் பார்க்கும் சக்தி டேட்டாவுக்கு இல்லாமல் இருப்பதும் வேறு வேறு. ஆய்வேட்டில் இதை ஒரு பத்தியாவது எழுதுங்க.

உயரம் பற்றிய ஆராய்ச்சியிலும் இதே இழுபறி உண்டு. வயது வந்த பிறகு இருக்கும் உயரத்தைவிட 16 வயதில் இருந்த உயரம்தான் சம்பளத்தோடு ஒட்டிப்போகிறது, பதின்வயதில் விளையாட்டிலும் மன்றங்களிலும் கலந்துகொண்டது அதற்கு ஒரு காரணம் என்று 2004-ல் பெர்சிகோ, போஸ்டில்வெயிட், சில்வர்மன் எழுதினார்கள். 2008-ல் ஆன் கேஸும் கிறிஸ்டினா பாக்ஸனும், சிறுவயதிலேயே தெரியும் அறிவுத்திறன் வித்தியாசமே பெரும் பகுதியை விளக்கிவிடுகிறது என்று காட்டினார்கள். பதின்வயதில் கண்ணுக்குத் தெரியும் ஒன்று, அதற்கு முன்பே நடந்துவிட்ட ஒன்றின் அடையாளமாக இருக்கலாம் என்பதை எப்போதும் மனதில் வைக்கணும்.

பதில்: எண்ணும் எழுத்தும்

ஆய்வேட்டுப் பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

உங்கள் டேட்டாவின் பெரிய சிக்கல் 28 வயது. அந்த வயதுச் சம்பளம் வாழ்நாள் வருமானத்துக்கு நல்ல கண்ணாடி அல்ல. மருத்துவம், சட்டம், முனைவர் பட்டம் என்று நீண்ட படிப்பில் இருப்பவர் அப்போதுதான் குறைந்த சம்பளத்தில் தொடங்கியிருப்பார். பள்ளி முடித்ததும் வேலைக்குப் போனவர் பத்து வருட அனுபவத்தோடு அவரைவிட அதிகம் வாங்கிக்கொண்டிருப்பார். ஹைடர், சோலன் இருவரும் 2006-ல் காட்டியபடி, அமெரிக்க ஆண்களுக்கு 30-களின் தொடக்கம் முதல் 40-களின் நடுப்பகுதி வரையிலான வருமானம்தான் வாழ்நாள் வருமானத்தை ஓரளவு சரியாகப் பிரதிபலிக்கிறது. இன்னொரு சுற்று டேட்டா வரவிருந்தால் காத்திருங்கள். முடியாது என்றால் படிப்பு முடித்து எத்தனை வருடம் ஆகிறது என்பதைத் தனியாகக் காட்டி, இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்களை விலக்கியும் சேர்த்தும் இரண்டு முறை ரிக்ரஷனை ஓட்டிப் பாருங்கள். ஆட் ஹெல்த்தின் நான்காம் சுற்றும் 24 முதல் 32 வயதில் எடுத்ததுதான். ஃப்ளெட்சரின் முடிவைப் படிக்கும்போதும் இதை மறக்க வேண்டாம்.

அடுத்து ஓட்டு எண்ணிக்கை. 20 பேர் வகுப்பில் ஐந்து ஓட்டு வாங்குவதும் 60 பேர் வகுப்பில் ஐந்து ஓட்டு வாங்குவதும் ஒன்றாகாது. ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுத்துவிடுங்கள். கேள்வித்தாளில் எத்தனை பெயருக்கு இடம் விட்டிருந்தார்கள் என்று பாருங்கள். மூன்று பெயர்தான் எழுதலாம் என்றால், நான்காவது ஐந்தாவது இடத்தில் பலருக்குப் பிடித்தவராக இருக்கும் பிள்ளையின் எண் குறைத்துக் காட்டப்படும். வகுப்பில் 60 சதவீதத்துக்கும் குறைவானவர்கள் பதில் எழுதியிருந்தால் அந்த வகுப்பைத் தனியே வைத்து, இல்லாமலும் ஒருமுறை ஓட்டுங்கள். விடுமுறையில் இருந்த பிள்ளைக்கு ஓட்டு விழும், ஆனால் அவர் போட்ட ஓட்டு இருக்காது. நண்பர் ஒருவரையும் எழுதாதவர் என்று அவரைத் தவறாகப் பதிந்துவிடக் கூடாது.

சம்பளத்துக்கு லாக் (மடக்கை) எடுத்தால் குணகத்தை (நட்பு எண் ஓர் அலகு கூடினால் வரும் மாற்றத்தை) ஏறக்குறைய சதவீதமாகவே படிக்கலாம். 0.02 என்றால் 2 சதவீதம். ஆனால் சம்பளமே இல்லாதவர்களுக்கு லாக் கிடையாது, சத்தமில்லாமல் விழுந்துவிடுவார்கள். பெண்களில் இப்படி விழுபவர்களின் எண்ணிக்கை பெரிதாக இருக்கும். வேலையில் இருக்கிறாரா இல்லையா என்பதை முதல் விளைவாகவும், வேலையில் இருப்பவர்களின் சம்பளத்தை இரண்டாவது விளைவாகவும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கூட்டி லாக் எடுக்கும் குறுக்குவழி வேண்டாம். ஒரு ரூபாயைக் கூட்டுவதா ஆயிரம் ரூபாயைக் கூட்டுவதா என்பதைப் பொறுத்து விடையே மாறும்.

மாணவர்கள் அதிகமாகத் தவறுவது கட்டுப்பாட்டு மாறிகளில், அதாவது ஒப்பீட்டில் சமப்படுத்திக்கொள்ளும் மற்ற விவரங்களில். நட்பு கேள்வி கேட்பதற்கு முன்பே இருந்தவற்றை மட்டும் சேருங்கள்: பெற்றோர் படிப்பு, வருமானம், முந்தைய வருட மதிப்பெண், பாலினம், பள்ளி ஃபிக்ஸட் எஃபெக்ட் (ஒரே பள்ளிக்குள் மட்டும் ஒப்பிடும் ஏற்பாடு). கல்லூரிப் பட்டம், தொழில், திருமணம் ஆகியவற்றை முதன்மை ரிக்ரஷனில் சேர்க்கக் கூடாது. நட்பு வட்டம் கல்லூரிக்குத் தள்ளி, கல்லூரி சம்பளத்தைக் கூட்டியிருந்தால், கல்லூரியைக் கட்டுப்படுத்தும்போது நீங்கள் தேடும் விளைவையே துடைத்துவிடுகிறீர்கள். வழி எது என்று காட்ட விரும்பினால் இரண்டாம் அட்டவணையில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக் குணகம் எவ்வளவு இறங்குகிறது என்று காட்டுங்கள். அதையும் காரணம் என்று சொல்லாமல் குறிப்பு என்று சொல்லுங்கள்.

ஒரு நல்ல சோதனை: பெற்ற ஓட்டோடு கொடுத்த ஓட்டையும் ரிக்ரஷனில் சேருங்கள். கொடுத்த ஓட்டுக்கும் அதே அளவு குணகம் வந்தால், நீங்கள் அளப்பது பிரபலத்தை அல்ல, கலகலப்பான சுபாவத்தையோ கேள்வித்தாளை முழுதாக நிரப்பும் பொறுமையையோ தான். திட்டப் பிழைகளைப் பள்ளிவாரியாக க்ளஸ்டர் செய்யுங்கள், அதாவது ஒரே பள்ளிப் பிள்ளைகளை ஒரு கூட்டமாகக் கருதிக் கணக்கிடுங்கள். பள்ளிகள் 30-க்கும் குறைவு என்றால் வழக்கமான க்ளஸ்டர் திட்டப் பிழை பொய்யான துல்லியம் காட்டும், பூட்ஸ்ட்ராப் (இருக்கும் டேட்டாவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துப் பிழையை அளக்கும் முறை) தேவைப்படும்.

கடைசியாக, எத்தனை நண்பர் என்பதோடு யார் நண்பர் என்பதையும் பிரியுங்கள். 2022-ல் பொருளாதார ஆய்வாளர் ராஜ் செட்டி குழு 7.2 கோடி ஃபேஸ்புக் பயனர்களின் நட்புகளை ஆராய்ந்தது. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளின் பிற்கால வருமானத்தோடு மிக வலுவாக ஒட்டிப்போனது, அந்த வட்டாரத்தில் வசதி குறைந்தவர்களுக்கு வசதியான நண்பர்கள் எவ்வளவு இருந்தார்கள் என்பதுதான். அது வட்டார அளவிலான ஒட்டுறவு, தனிமனித அளவில் நிரூபணம் ஆகாது. ஆனாலும் நண்பர்களுடைய பெற்றோர் படிப்பின் சராசரியை உங்கள் டேட்டாவிலேயே கணக்கிடலாம். நண்பர் எண்ணிக்கையை மட்டும் வைத்து எழுதுவதைவிட அது எவ்வளவோ வளமான ஆய்வேடாக இருக்கும்.

பதில்: மனவெளி

பொருளாதாரக்காரர்கள் "பிரபலம்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். வளர்ச்சி உளவியலில் அதை இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவோம்.

"யாரை உனக்கு ரொம்பப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது" என்று கேட்டால் கிடைப்பது விரும்பப்படுதல். "வகுப்பில் யார் பிரபலம்" என்று கேட்டால் கிடைப்பது அந்தஸ்து. சின்ன வகுப்புகளில் இரண்டும் பெரும்பாலும் ஒரே பிள்ளைகளைக் காட்டும். பதின்வயதில் பிரிந்துவிடும். வகுப்பே யாரைப் பார்த்து நடக்கிறதோ அந்தப் பிள்ளையைத் தனியாகக் கேட்டால் பலருக்குப் பிடிக்காது என்ற நிலை மிகச் சாதாரணம்.

1982-ல் கோய், டாட்ஜ், கொப்போடெல்லி வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது. பிடித்தவர் மூவர், பிடிக்காதவர் மூவர் என்று கேட்டு, பிடித்த ஓட்டிலிருந்து பிடிக்காத ஓட்டைக் கழித்தால் விருப்ப எண், இரண்டையும் கூட்டினால் தாக்க எண். விருப்பம் உயர்ந்தவர் விரும்பப்படுபவர். விருப்பம் தாழ்ந்தவர் ஒதுக்கப்படுபவர். இரண்டு பக்க ஓட்டும் விழாதவர் கவனிக்கப்படாதவர். இரண்டு பக்கமும் குவிபவர் சர்ச்சைக்குரியவர். மீதிப் பேர் நடுத்தரம். பிடித்த ஓட்டை மட்டும் எண்ணினால், ஒதுக்கப்பட்ட பிள்ளையும் கவனிக்கப்படாத பிள்ளையும் ஒரே பூஜ்யத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இருவரின் பாதையும் ஒன்றல்ல. அமைதியாகத் தன்பாட்டில் இருக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் பெரிய ஆபத்து இல்லை. அடிதடியால் ஒதுக்கப்பட்ட பிள்ளைக்குத்தான் படிப்பு இடைநிற்கும் ஆபத்து கூடுதல்.

நிலாமுற்றம் சொன்ன டேட்டாவில் கேட்டிருப்பது நண்பர் பெயர். விஸ்கான்சினிலும் அதுதான். ஆகவே அந்த 10 சதவீதம் விரும்பப்படுதலுக்குச் சொன்னது. அந்தஸ்துக்கு அதை நீட்டிச் சொல்லக் கூடாது. ஜோசஃப் ஆலன் குழு 184 பேரை 13 வயதிலிருந்து 23 வயது வரை பின்தொடர்ந்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில், 13 வயதிலேயே பெரியவர்கள்போல் நடந்து, அழகான நண்பர்களைத் தேடி, சின்னச் சின்ன விதிமீறல்களால் வகுப்பில் பெயர் வாங்கிய பிள்ளைகளுக்கு, 23 வயதில் குடி, போதை சார்ந்த சிக்கல்களும் குற்ற நடத்தையும் மற்றவர்களைவிட அதிகம். அவர்களுக்கு இருந்த செல்வாக்கும் பதின்வயது முடியும் முன்பே கரைந்துவிட்டது. அந்தஸ்தைத் துரத்தும்படி ஒரு பிள்ளையை "எதிர்காலத்துக்கு நல்லது" என்று தள்ளுவதற்கு இந்த ஆராய்ச்சியில் எந்த ஆதாரமும் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த 10 சதவீதத் தகவலைப் படிக்கும் பெற்றோர் முதலில் செய்வது இதுதான்.

விரும்பப்படுதல் ஏன் பணமாக மாறலாம் என்பதற்கு நியாயமான விளக்கம் உண்டு. தன் முறை வரும்வரை காத்திருந்து பேசுவது, அடுத்தவர் முகம் வாடினால் கவனிப்பது, விளையாட்டில் தோற்றால் கோபித்துக்கொண்டு போகாமல் இருப்பது ஆகியவையே ஒரு பிள்ளையை மற்றவர்களுக்குப் பிடிக்கவைக்கின்றன. இதே திறன்களுக்குத்தான் குழுவாகச் செய்யும் வேலைகளில் கூலி. டேவிட் டெமிங்கின் 2017 கட்டுரைப்படி, 1980-க்கும் 2012-க்கும் இடையில் அமெரிக்க வேலைகளில் மனிதர்களோடு அதிகம் பழக வேண்டிய வேலைகளின் பங்கு ஏறக்குறைய 12 சதவீதப் புள்ளிகள் கூடியது. உயர்நிலைப் பள்ளியில் அணித் தலைவராகவோ மன்றத் தலைவராகவோ இருந்த ஆண்கள் பிற்காலத்தில் 4 முதல் 33 சதவீதம் வரை கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்று கூன், வைன்பெர்கர் 2005-ல் கண்டார்கள். அறிவுத்திறனைக் கணக்கில் எடுத்த பிறகும்தான். வீச்சு இவ்வளவு அகலமாக இருப்பதைக் கவனியுங்கள். யாரைத் தலைவர் என்று எண்ணுகிறோம், எந்த டேட்டா என்பதைப் பொறுத்து விடை எட்டு மடங்கு மாறுகிறது.

நிலாமுற்றம்

மிக்க நன்றி. மனவெளி சொன்ன பிறகு ஒரு சந்தேகம். அடுத்த சுற்றுக் கேள்வித்தாளில் ஒரு கேள்வி சேர்க்க இடம் உண்டு. "யாரைப் பிடிக்காது" என்று கேட்கப் பள்ளிகள் சம்மதிக்குமா? கேட்பது சரியா?

மனவெளி

பல பள்ளிகள் சம்மதிக்காது, நெறிமுறைக் குழுவும் தயங்கும். வகுப்புப் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே "இவரோடு சேர்ந்து வேலை செய்வது எவ்வளவு பிடிக்கும்" என்று 1 முதல் 5 வரை குறிக்கச் சொல்லுங்கள். யாரையும் எதிராளியாகக் கைகாட்ட வேண்டியதில்லை, தாழ்ந்த பக்கத் தகவலும் கிடைத்துவிடும். 40 பேர் வகுப்புக்குப் பத்து நிமிடம் போதும்.

பட்டியலில் பெயர் வரிசையை ஒவ்வொரு தாளிலும் மாற்றுங்கள், இல்லையென்றால் கடைசிப் பெயர்களுக்குச் சலிப்பில் ஒரே எண்ணைப் போட்டுவிடுவார்கள். மேசைகளைத் தள்ளிப் போட்டு, தாளைத் தாங்களே உறையில் இட்டு ஒட்டச் சொல்லுங்கள். உணவு இடைவேளைக்கு முன் கேட்க வேண்டாம், வெளியே போனதும் "எனக்கு என்ன போட்டாய்" என்ற பேச்சு கிளம்பும். பின்னால் ஒரு பாடவேளை இருக்கும் நேரமாகப் பார்த்து வையுங்கள். எண்களைப் பெயரிலிருந்து பிரித்து வைக்கும் குறியீட்டுத் தாள் ஆசிரியர் கைக்கு எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது.

எண்ணும் எழுத்தும்

இதோடு ஒன்று. 1-5 அளவில் சிலர் எல்லாருக்கும் 4 போடுவார்கள், சிலர் எல்லாருக்கும் 2 போடுவார்கள். முதலில் குறித்தவர் ஒவ்வொருவரின் சராசரியையும் அவர் கொடுத்த எண்களிலிருந்து கழியுங்கள், அதற்குப் பிறகு பெற்றவரின் சராசரியை எடுங்கள். இந்தக் கணக்கின் வரிசை மாறினால் கறாராகக் குறிக்கும் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்த பிள்ளை பிடிக்காதவராகத் தெரிவார். வராத பிள்ளைகளின் பெயரையும் பட்டியலில் கட்டாயம் வைத்திருங்கள்.